மஸ்அலா கேட்டதோடு நின்றுவிட வேண்டாம்

 

பெண்கள் மதரஸாக்களில் ஓதிக்கொடுக்கும் ஆலிமாக்களிடம் ஆண்டு முழுவதும் வந்து சேரும் கேள்விகளில் பெரும்பகுதி தூய்மை பற்றியவை. ஹைளு எத்தனை நாள், நிஃபாஸ் எப்போது முடியும், இடையில் உதிரம் கண்டால் நோன்பு என்னவாகும் என்று தாய்மார்கள் கேட்பார்கள். மருத்துவரிடம் சொல்ல நாணுவதையெல்லாம் ஆலிமாவிடம் தயங்காமல் சொல்வார்கள். அவர்கள் மனத்தில் அது உடல்நலக் கேள்வியாகத் தோன்றுவதில்லை. தொழுகைக் கேள்வியாகவே தோன்றுகிறது.

அத்தகைய கேள்வி ஒன்று: "இருபது நாளாகியும் உதிரம் நிற்கவில்லை, நான் தொழலாமா?" விடை கிதாபுகளில் தெளிவாக இருக்கிறது. ஹைளின் உச்ச வரம்பு ஷாஃபிஈ மத்ஹபில் 15 நாட்கள். ஹனஃபி மத்ஹபில் 10 நாட்கள். வரம்பு கடந்து வரும் உதிரம் இஸ்திஹாளா எனப்படும். அந்நிலையில் உள்ளவர் குளித்துத் தூய்மையாகி, ஒவ்வொரு வேளைத் தொழுகைக்கும் உளூச் செய்து தொழ வேண்டும். நோன்பும் நோற்க வேண்டும். கேட்டவர் மனநிறைவோடு வீடு திரும்புகிறார். தொழுகைக்கு வழி பிறந்துவிட்டது. ஆனால், இஸ்திஹாளா என்பதை நோயின் பாற்பட்ட உதிரம் என்றே நம் ஃபிக்ஹு அறிஞர்கள் பிரித்து வைத்தார்கள் என்பதையும், அந்த நோய் யாது என்று கண்டறியும் பொறுப்பு மருத்துவரைச் சார்ந்தது என்பதையும் அவருக்கு எவரும் சொல்வதில்லை.

இத்தகைய உதிரப்போக்கு யாவும் புற்றுநோய் என்று எவரும் அஞ்ச வேண்டியதில்லை. சுரப்பிகளின் மாறுபாடு, கர்ப்பப்பையில் சாதாரணக் கட்டி, கருத்தடைச் சாதனம் எனப் பல காரணங்கள் உண்டு. எனினும் மாதவிலக்கு அடியோடு நின்ற பின் காணும் உதிரம், தாம்பத்திய உறவுக்குப் பின் காணும் உதிரம், துர்நாற்றத்துடன் கூடிய வெள்ளைப்படுதல் ஆகியவை கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோயின் அறிகுறிகளாகவும் இருக்கக்கூடும். இந்தியப் பெண்களைத் தாக்கும் புற்றுநோய்களில் மார்பகப் புற்றுநோய்க்கு அடுத்த இடம் இதற்கே. 2022-ஆம் ஆண்டில் மட்டும் நம் நாட்டில் ஏறத்தாழ 1,27,000 பெண்களுக்கு இது புதிதாக வந்தது என்றும், ஏறத்தாழ 80,000 பெண்கள் இதனால் மாண்டனர் என்றும் கணக்கிடப்பட்டுள்ளது.

இந்நோய் ஒரு சாரார்மீது மட்டும் பன்மடங்கு கடுமையாகப் பாய்கிறது. அவர்களைப் பற்றி நம் இதழ்களில் எழுதுவோர் அரிதாகையால் இம்மாதம் இப்பகுதியை அவர்களுக்கென ஒதுக்குகிறேன். எச்.ஐ.வி. கிருமியுடன் வாழும் பெண்களுக்குக் கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய் வரும் வாய்ப்பு, அக்கிருமி இல்லாத பெண்களைக் காட்டிலும் ஆறு மடங்கு அதிகம் என்கிறது உலக சுகாதார நிறுவனம்.

"அதெல்லாம் நம் சமுதாயத்தில் இல்லை" என்று கூறும் பெரியவர்களை நான் அறிவேன். இந்தியாவில் எச்.ஐ.வி. முதன்முதலாகக் கண்டறியப்பட்டதே நம் சென்னையில்தான், ஆண்டு 1986. சென்னை மருத்துவக் கல்லூரியில் பணியாற்றிய டாக்டர் சுனிதி சாலமனும் அவருடைய மாணவி நிர்மலாவும் மேற்கொண்ட ஆய்வில் அது வெளிப்பட்டது. அன்று தொட்டு இன்று வரை அக்கிருமி எந்த மதத்தையும் எந்தத் தெருவையும் விட்டுவைத்ததில்லை. நல்லொழுக்கத்தோடு இல்லறம் நடத்திய பெண்கள் பலருக்கு அது கணவர் வழியாகவே வந்து சேர்ந்தது.

சுவர்கள்தோறும் "உயிர்க்கொல்லி நோய்" என்று எழுதி மக்களை அச்சுறுத்திய காலம் ஒன்று இருந்தது. அந்தப் பெயர் இன்று பொருந்தாது. 2004 ஏப்ரல் முதல் நாளிலிருந்து அரசு மருத்துவமனைகளில் கூட்டு மருந்துச் சிகிச்சை இலவசமாகத் தரப்படுகிறது; முதலில் தொடங்கிய எட்டு மருத்துவமனைகளில் தாம்பரம் நெஞ்சக மருத்துவமனையும் ஒன்று. நாள் தவறாமல் மாத்திரை உட்கொள்பவரின் இரத்தத்தில் கிருமி கண்டறிய முடியாத அளவுக்குக் குறைந்துவிடுகிறது. அந்நிலை நீடிக்கும்வரை தாம்பத்திய உறவின் வழியே அவரிடமிருந்து பிறருக்கு அது பரவுவதுமில்லை. இவ்வாறு மருந்தின் துணையால் பிழைத்து, பிள்ளைகளை வளர்த்து ஆளாக்கி, நாற்பதையும் ஐம்பதையும் எட்டிப் பிடித்த பெண்களையே இந்த இரண்டாவது ஆபத்து எதிர்கொள்கிறது.

ஒரு சகோதரியைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஊரும் பேரும் வேண்டாம். கணவர் மௌத்தாகி இத்தா இருந்து முடித்த பிறகே தமக்கும் அக்கிருமி இருப்பதை அவர் அறிந்தார். பல ஆண்டுகளாக ஒரு வேளை மாத்திரையும் தவறியதில்லை. உள்ளூரில் எவர் கண்ணிலும் பட்டுவிடலாகாது என்பதற்காக அடுத்த மாவட்டத்து ஏ.ஆர்.டி. மையத்திற்குப் பேருந்தில் சென்று மருந்து வாங்கி வருகிறார். கர்ப்பப்பை வாய்ப் பரிசோதனை எப்போதாவது செய்ததுண்டா என்று கேட்டேன். "அங்கே போனால் இதையும் சொல்லணுமே, ஆலிமா" என்றார். பிறகு நெடுநேரம் அவர் பேசவில்லை.

சகோதரிகளே, இந்த ஒரு வாக்கியத்தில்தான் சிக்கல் முழுவதும் அடங்கியிருக்கிறது. ஒரு நோயை மறைப்பதற்காக இன்னொரு நோய்க்கு வாசலைத் திறந்து வைக்கிறோம்.

இவ்விரண்டு நோய்களும் எவ்வாறு கைகோக்கின்றன என்பதைச் சற்று விளக்குகிறேன். கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய்க்குக் காரணம் எச்.பி.வி. எனச் சுருக்கமாக அழைக்கப்படும் ஹியூமன் பாப்பிலோமா வைரஸ். இதைக் கண்டுபிடித்துச் சொன்னவர் ஜெர்மன் அறிஞர் ஹரால்டு சூர் ஹாவ்சன். 2008-ஆம் ஆண்டின் மருத்துவ நோபல் பரிசில் பாதி அவருக்கும், மறு பாதி எச்.ஐ.வி. கிருமியைக் கண்டுபிடித்த பிரெஞ்சு அறிஞர் இருவருக்கும் வழங்கப்பட்டன. அந்த மேடையில் ஒன்றாக நின்ற இவ்விரு கண்டுபிடிப்புகளும் நம் மருத்துவமனைகளில் இன்னும் வெவ்வேறு கட்டடங்களில், வெவ்வேறு வரிசைகளில் நிற்கின்றன.

எச்.பி.வி. மிகப் பரவலான கிருமி. மணவாழ்வு கண்ட ஆண்களிலும் பெண்களிலும் மிகப் பெரும்பாலோரை வாழ்நாளில் ஒரு முறையேனும் அது தொட்டுச் செல்கிறது. இரத்தத்தில் கலப்பதில்லை, காய்ச்சல் தருவதில்லை, தோலோடு தோல் உரசும் அந்தரங்க உறவில் ஒருவரிடமிருந்து மற்றவருக்குச் சென்று மென்தோலில் குடியேறுகிறது. இதில் நூற்றுக்கு மேற்பட்ட வகைகள் உண்டு. அவற்றுள் 16, 18 என்று எண்ணிடப்பட்ட இரண்டு வகைகள் மட்டுமே இப்புற்றுநோயில் ஏறத்தாழ 70 விழுக்காட்டுக்குக் காரணம். ஆகவே இக்கிருமி இருக்கிறது என்று முடிவு வந்தால் ஒருவருடைய கற்பின்மீது ஐயம் கொள்ளாதீர்கள். எந்த ஆண்டில், எவர் வழியாக வந்தது என்பதை அந்தப் பரிசோதனை சொல்லாது.

நல்ல உடலில் எதிர்ப்பாற்றலே ஓரிரு ஆண்டுகளில் இதை விரட்டிவிடுகிறது. விரட்டப்படாமல் தங்கிவிடும்போதுதான் ஆபத்து. தங்கிய கிருமி உண்டாக்கும் இரு புரதங்கள், உயிரணு மனம்போனபடி பெருகாமல் தடுக்கும் இரண்டு இயற்கைக் காவல்களையும் முடக்கிவிடுகின்றன. எச்.ஐ.வி. தாக்கிய உடலிலோ, எதிர்ப்புப் படையின் தளபதிகளான சி.டி.4 அணுக்களே குறைந்திருக்கின்றன. விரட்டுவார் இல்லாமல் எச்.பி.வி. நிலைத்துவிடுகிறது. சாதாரணமாகக் கிருமி புற்றுநோயாக முற்ற 15 முதல் 20 ஆண்டுகள் பிடிக்கும். எதிர்ப்பாற்றல் குன்றியவர்களுக்கு 5 முதல் 10 ஆண்டுகளிலேயே அது நேரக்கூடும். கூட்டு மருந்து இந்த ஆபத்தைக் குறைக்கிறது, முற்றாகப் போக்குவதில்லை. "நான்தான் மாத்திரை சாப்பிடுகிறேனே" என்று இருந்துவிடுவதற்கில்லை.

பரிசோதனை எளியது. நீர்த்த அசிட்டிக் அமிலத்தை, அதாவது காடியின் புளிப்புக்குக் காரணமான பொருளை, கர்ப்பப்பை வாயில் தடவி ஒரு நிமிடம் பொறுத்துப் பார்க்கிறார்கள். பழுதுபட்ட பகுதி வெண்திட்டாகத் தெரியும். இம்முறையின் பயனை உலகுக்கு மெய்ப்பித்துக் காட்டியது நம் திண்டுக்கல் மாவட்டமே. 30 முதல் 59 வயது வரையிலான கிராமத்துப் பெண்களைப் பயிற்சி பெற்ற செவிலியர் ஒரே ஒரு முறை இவ்வாறு பரிசோதித்து, தேவைப்பட்டோருக்குச் சிகிச்சையும் அளித்தனர். பரிசோதனை நடந்த பகுதிகளில் இந்நோய் வருவது 25 விழுக்காடும், இந்நோயால் இறப்பது 35 விழுக்காடும் குறைந்திருந்தன என்ற முடிவு 2007-இல் லான்செட் மருத்துவ இதழில் வெளியாயிற்று. மகாராஷ்டிரத்தின் உஸ்மானாபாத் மாவட்டத்தில், எச்.பி.வி. கிருமியையே நேரடியாகக் கண்டறியும் பரிசோதனை ஒரு முறை செய்யப்பட்டதில் இறப்பு ஏறத்தாழப் பாதியாகக் குறைந்தது என்று 2009-இல் தெரியவந்தது. வெண்திட்டுப் பார்ப்பதைவிடக் கிருமிப் பரிசோதனையே நம்பத்தக்கது என்று உலக சுகாதார நிறுவனமும் இன்று அதையே முதலில் வைக்கிறது.

இனி நான் சொல்வதைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். பொதுவாகப் பெண்கள் 30 வயதில் தொடங்கி, 5 முதல் 10 ஆண்டுகளுக்கு ஒரு முறை கிருமிப் பரிசோதனை செய்துகொண்டால் போதும். எச்.ஐ.வி. உள்ள பெண்களோ 25 வயதிலேயே தொடங்க வேண்டும். 3 முதல் 5 ஆண்டுகளுக்கு ஒரு முறை செய்துகொள்ள வேண்டும். 2021-இல் உலக சுகாதார நிறுவனம் வகுத்த நெறி இது. தமக்கு எச்.ஐ.வி. இருப்பதை மறைத்து ஒரு பெண் பரிசோதனைக்குச் சென்றால், முடிவு நல்லபடியாக இருக்கையில், மற்றவர்களுக்குச் சொல்வதுபோலவே "பல ஆண்டு கழித்து வாருங்கள்" என்று அனுப்பிவிடுவார்கள். அவ்வளவு காலம் அவருக்கு இல்லாமற் போகலாம்.

மேற்சொன்ன சகோதரியிடம் நான் எடுத்துக் கூறியதும் இதுவே. ஏ.ஆர்.டி. மையத்து மருத்துவரிடமே கேளுங்கள். அவருக்கு உங்கள் நிலை முன்னமே தெரியும். புதிதாக எவரிடமும் சொல்ல வேண்டியதில்லை. அவர் எழுதித் தரும் சீட்டோடு மகளிர் மருத்துவப் பிரிவுக்குச் செல்லலாம் என்றேன். சென்றார். முற்றாத நிலையிலேயே பழுது கண்டறியப்பட்டு, வெப்பக் கருவியால் சுட்டு அகற்றினார்கள். வலி பெரிதாக இல்லை என்றும், பேருந்துப் பயணம்தான் அலுப்பாக இருந்தது என்றும் சொன்னார்.

அறிகுறி தோன்றட்டும், பிறகு பார்க்கலாம் என்று காத்திருப்பவர்களுக்கு ஒன்று சொல்வேன். முற்றாத நிலையில் இந்நோய்க்கு எந்த அறிகுறியும் கிடையாது. அச்சகோதரிக்கும் இருக்கவில்லை. உதிரம் காணத் தொடங்கும்போது அது பலருக்குப் புற்றாகவே மாறியிருக்கும். உதிரம் கண்டால் உடனே செல்ல வேண்டும். காணாவிட்டாலும் காலம் வந்தால் செல்ல வேண்டும்.

ஹயா எனும் நாணம் ஈமானோடு பிணைந்தது. அதில் இரு கருத்தில்லை. மருத்துவத் தேவைக்காக, தேவையான அளவுக்கு மட்டும் மறைவிடத்தை மருத்துவர் பார்ப்பது கூடும் என்பதிலும் நம் சட்ட அறிஞர்களிடையே இரு கருத்தில்லை. பெண் மருத்துவர் இருக்கையில் அவரை நாடுவது முறை. நம் மாநிலத்தின் அரசு ஆரம்ப சுகாதார நிலையங்களில் இப்பரிசோதனையைப் பெரும்பாலும் பெண் செவிலியரே செய்கிறார்கள். கிருமிப் பரிசோதனையில் இன்னுமொரு வசதி உண்டு. பஞ்சு சுற்றிய சிறு குச்சியைப் போன்ற கருவியால், தனியறையில் அந்தப் பெண்ணே தம் கையால் மாதிரியை எடுத்துக் கொடுத்துவிடலாம். இது எல்லா இடங்களிலும் கிடைப்பதில்லை. ஆனாலும் கேட்டுப் பாருங்கள். கேட்பவர் கூடினால்தான் வசதியும் கூடும்.

தடுப்பூசியைப் பற்றி நம் பெண்களிடையே உலவும் வதந்திகள் கொஞ்சமல்ல. அது திருமணத்திற்கு முந்திய தவறுகளுக்கு அனுமதிச்சீட்டு என்கிறார்கள். நிக்காஹ் முடிந்து கணவர் வீடு செல்லும் பெண்ணுக்கும் வரக்கூடிய கிருமிக்கு எதிரான ஊசி அது. கிருமி வருமுன் போட்டால்தான் முழுப் பயன் என்பதால் 9 முதல் 14 வயதுக்குள் போடுகிறார்கள். அதில் உயிருள்ள கிருமி கிடையாது. ஈஸ்ட் போன்ற நுண்ணுயிரில் உருவாக்கிய வெறும் புறக்கூடு மட்டுமே இருக்கிறது. மலேசியா 2010-லிருந்தே தன் பள்ளி மாணவியருக்கு இதைப் போட்டு வருகிறது. இந்தோனேசியா 2023-இல் நாடு முழுவதும் விரிவாக்கியது. புனேயின் சீரம் நிறுவனம் தயாரித்த செர்வாவாக் எனும் நம் நாட்டு ஊசி 2023 ஜனவரியில் அறிமுகமாயிற்று.

ஒரே தவணை போதும் என்று நீங்கள் படித்திருக்கலாம். நல்ல உடல்நலமுள்ள சிறுமியருக்கு அது பொருந்தும். எச்.ஐ.வி. உள்ள பிள்ளைகளுக்குக் குறைந்தது இரண்டு தவணைகள், இயன்றால் மூன்று தவணைகள் வேண்டும். பெற்றோரிடமிருந்து பிறப்பிலேயே அக்கிருமியைப் பெற்று, பாட்டியின் அரவணைப்பிலோ யத்தீம்கானாவிலோ வளரும் பிள்ளைகள் உண்டல்லவா? இந்த ஊசி மற்ற எவரையும்விட முதலில் சேர வேண்டியது அவர்களிடமே. ஜகாத், ஸதகா நிதிகளைப் பகிர்ந்தளிக்கும் ஜமாஅத்தார் இப்பிள்ளைகளின் தேவையையும் உலமாக்களிடம் கலந்து தம் பட்டியலில் சேர்க்கலாகாதா? முன்னமே உடலில் தங்கிவிட்ட கிருமியை ஊசி அகற்றாது என்பதையும் மறக்க வேண்டாம். ஊசி போட்டவரும் உரிய வயதில் பரிசோதனைக்குச் சென்றே ஆக வேண்டும்.

ஆண்களுக்கும் இதில் பங்கு உண்டு. தொண்டை, ஆசனவாய், ஆணுறுப்பு ஆகிய இடங்களில் தோன்றும் புற்றுநோய்களில் ஒரு பகுதிக்கு இதே எச்.பி.வி. காரணம். எச்.ஐ.வி. உள்ளவர்களிடம் ஆசனவாய்ப் புற்றுநோய் குறிப்பாக மிகுதி. பெண்களும் அதற்கு விலக்கல்லர். அமெரிக்காவில் நடந்து 2022-இல் வெளியான ஆய்வொன்றில், எச்.ஐ.வி. உள்ளவர்களிடம் அப்புற்றின் முன்நிலையைக் கண்டறிந்து அகற்றியதால் நோய் 57 விழுக்காடு குறைந்தது. அவ்விடத்தில் உதிரம், வலி, கட்டி இருந்தால் மூலம் என்று தாமே முடிவு செய்துகொண்டு மருந்துக்கடையில் களிம்பு வாங்கித் தடவுவதை விட்டு மருத்துவரிடம் காட்ட வேண்டும். எப்படி வந்தது என்று கணக்குக் கேட்பது மருத்துவரின் வேலையன்று. அந்தக் கணக்கு இறைவனிடம் இருக்கிறது. கத்னா செய்யப்பட்ட நமக்கு இவையெல்லாம் வராது என்று கூறுவோரும் உளர். உகாண்டாவின் ராகாய் பகுதியில் நடந்த ஆய்வில், கத்னா செய்யப்பட்ட ஆண்களிடம் ஆபத்தான எச்.பி.வி. வகைகள் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறைவாக இருந்தன என்பது உண்மையே. மீதி இரண்டு பங்கை எண்ணிப் பார்ப்பது நல்லது. பீடி, சிகரெட் பழக்கம் இந்த ஆபத்தை இன்னும் கூட்டும்.

சட்டத்தையும் தெரிந்துகொள்ளுங்கள். எச்.ஐ.வி. உள்ளவர்களின் உரிமை காக்கும் சட்டம் 2017-இல் இயற்றப்பட்டு, 2018 செப்டம்பர் 10 முதல் நடைமுறைக்கு வந்தது. அக்கிருமியைக் காரணம் காட்டிச் சிகிச்சையோ வேலையோ கல்வியோ மறுக்கக் கூடாது. ஒருவர் நம்பிச் சொன்ன அவரது நிலையை அவருடைய ஒப்புதலின்றி வெளியிடவும் கூடாது. அமானத் என்று நாம் ஓதிக்கொடுப்பதும் அதுதானே. புற்றுநோயே வந்துவிட்டாலும் எச்.ஐ.வி. இருப்பதால் கதிர்வீச்சு, அறுவை, மருந்துச் சிகிச்சை எதுவும் மறுக்கப்படத் தக்கதன்று. சிகிச்சை நடக்கையில் கூட்டு மருந்தை நிறுத்திவிடக் கூடாது. எந்தெந்த மாத்திரை உட்கொள்கிறோம் என்பதைப் புற்றுநோய் மருத்துவரிடம் காட்ட வேண்டும். ஆரம்ப நிலையில் வந்தவர்கள் குணமடைந்து வீடு திரும்புகிறார்கள்.

முன்நிலையில் சுட்டோ உறையவைத்தோ அகற்றிய பின்னும், எச்.ஐ.வி. உள்ளவர்களுக்கு அது மீண்டும் தலைகாட்டும் வாய்ப்பு மற்றவர்களைவிட அதிகம். ஆகவே 12 மாதங்களில் ஒரு பரிசோதனை. அது நன்றாக இருந்தால் மேலும் 12 மாதங்களில் இன்னொன்று. அதன் பிறகே வழக்கமான இடைவெளி.

கடைசியாக, இச்சிகிச்சைக்குப் பின் ஆலிமாக்களிடம் வரக்கூடிய மஸ்அலாவையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். சுட்டு அகற்றிய பின் சில வாரங்கள் நீர்போன்ற கசிவும் சிறிது உதிரமும் காணலாம். புண் ஆறும் கசிவை ஹைளாகக் கருதித் தொழுகையை விட வேண்டியதில்லை. துணி வைத்துக் காத்து, வேளைக்கு ஒரு உளூவோடு தொழுது வரலாம். வழக்கமான நாட்களில் மாதவிலக்கு வந்தால் அதற்கு அதன் சட்டம். மருத்துவர் குறித்த வாரங்கள் வரை தாம்பத்திய உறவைத் தவிர்க்க வேண்டும். இதைக் கணவரிடம் சொல்ல நாணுபவர்கள் மருத்துவரையே அவரிடம் சொல்லச் சொல்லலாம். கசிவில் துர்நாற்றமோ, காய்ச்சலோ, மிகுந்த உதிரமோ இருந்தால் அன்றே மருத்துவமனைக்குச் செல்லுங்கள். ஆலிமாவிடம் பிறகு வரலாம்.